லொறிக்கும் ஒரு மாலை

அந்த லொறியின் சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை. முதுகால் கேட்டேன். கொடகவெலையைத் தாண்டி இறக்குவானைக்கு ஏறும் பாதை. மத்தியானத்துக்குச் சற்று முந்திய வெயில். தார் இளகி, சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வளைவு பின்னால் லொறி முதலாம் கியரில் வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாத உறுமல். உயிர் பிரியப் போகிற ஆளைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்களே, அப்படி மரியாதையாக.

அந்த லொறி என்னைத் தாண்டினால் நான் போட்டியில் இல்லை. நான் இல்லையென்றால் மருதையும் இல்லை. அப்போது மருதை எனக்கு எத்தனையோ வளைவுகள் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய மூன்று நாள் பாடு முழுவதும் என் தொடைகளை நம்பியிருந்தது. தொடைகளுக்கு இந்த விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

போன வாரம் நான் எழுதிய பல் பிடுங்கிய கதையைப் படித்த வாசகர் ஒருவர், “உங்கள் வாழ்க்கையில் வீரமாக ஒன்றுமே நடக்கவில்லையா?” என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். இதுதான் அகப்பட்டது. இதிலும் வீரம் என்னுடையதல்ல.

மாஸ்டருக்கு அம்மா போட்டது

சண்டை ஓய்ந்துவிட்டது, சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லி நம்ப முயன்ற ஓரிரு வருடங்கள் இருந்தன. நான் அப்போது தோட்டக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கிளாக்கர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். புத்தகம் படிப்பவன். புத்தகம் படிப்பவனுக்கு உடம்பு என்பது தலையை ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்குக் கொண்டுபோக உதவும் சாதனம்.

இரத்தினபுரியில் ஒரு விளையாட்டுச் சங்கம் மூன்று நாள் சைக்கிள் ஓட்டம் ஒன்றை அறிவித்தது. முதல் நாள் ருவான்வெல்லையிலிருந்து இரத்தினபுரி. இரண்டாம் நாள் இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை போய்த் திரும்புவது. மூன்றாம் நாள் பெல்மதுளை, கொடகவெலை வழியாக இறக்குவானை. மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து முதலில் நிற்கும் மூன்று பேரை மாகாண அணிக்கு எடுப்பார்கள்.

மருதைக்கு அந்த மூன்று பேரில் ஒருவனாக வேண்டும். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தவன் அவன். எதற்கும் ஆசைப்படாத பையன் என்று தோட்டம் அவனைப் பற்றி நினைத்திருந்தது. ஆசை முழுவதையும் இந்த ஒன்றுக்காகச் சேர்த்து வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

சங்கத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. நாலு பேர் கொண்ட குழுவாகத்தான் பதிய வேண்டும். நாலு பேரும் முடிக்க வேண்டும். ஒருவன் விழுந்தால் குழு இல்லை. குழு இல்லையென்றால் அதில் இருக்கும் எவனுடைய நேரமும் இல்லை. மருதை ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் தம்பி இருவரைப் பிடித்தான். நாலாவது ஆள் எங்கள் தோட்டப் பாடசாலை சோமசுந்தரம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். பெற்றோல் இல்லாத வருடங்களில் ஊரே சைக்கிளில் ஓடிய இடத்திலிருந்து வந்தவர். அவர் உட்கார்ந்தால் சைக்கிளே மரியாதையாக நிற்கும்.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாஸ்டருக்கு அம்மா போட்டுவிட்டது. உடம்பெல்லாம் கொப்புளம், வாசலில் வேப்பிலை. மருதை கந்தோர் ஜன்னலில் வந்து நின்றான்.

“கிளாக்கரய்யா, நீங்க ஓட்ட வேணாங்க. வந்து சேந்தா போதும்.”

“வந்து சேர்றதுக்கு பஸ் இருக்கே மருதை.”

“பஸ்ஸுல வந்தா சேத்துக்க மாட்டாங்கய்யா.”

வேறு யாரையாவது பாரேன் என்றேன். பார்த்துவிட்டானாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்தவர்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியவில்லை. இரண்டும் உள்ள ஒரே பிறவி நான். மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அவர் கதவுக்கு உள்ளிருந்தபடியே பேசினார்.

“நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. சைக்கிள் நான் தாறன். கால் ரெண்டையும் நீங்கள் கொண்டு வந்தால் காணும்.”

என் மனைவி மட்டும் நடைமுறையாகச் சிந்தித்தாள். “கந்தோர் படி ஏறினாலே மூச்சு வாங்குது. ரேசுக்குப் போறீங்க. சரி, வீட்டுல கட்டுற அந்தப் பச்சைச் சாரத்தை எடுத்துக்குங்க. எங்கயாவது படுத்துக் கெடக்கும்போது விரிச்சுக்க ஒதவும்.”

மஞ்சள் சட்டை

எங்கள் நாலு பேருக்கும் ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்று மருதையின் தாய் பேச்சியம்மா கோயிலில் மிஞ்சிக் கிடந்த மஞ்சள் துணியை வாங்கித் தைக்கக் கொடுத்தார். ருவான்வெல்லையில் மங்கள விளக்கேற்றி, கிரிபத் என்ற பாற்சோறு ஊட்டி, பாடசாலை பேண்ட் வாசித்து, துப்பாக்கிச் சத்தத்தோடு எங்களை அனுப்பி வைத்தார்கள். அத்தோடு மழையையும் அனுப்பி வைத்தார்கள்.

ரப்பர் காட்டு மழை வேறு விதமானது. வானத்து மழை நின்ற பிறகு மரங்கள் தங்கள் பங்குக்குப் பெய்யும். அவிசாவளை வருவதற்குள் சட்டையின் மஞ்சள் கரைந்து தொடை வழியே இறங்கிக் காலுறைக்குள் போய்விட்டது. பாதையோரத்தில் நின்றவர்கள் என்னை வேண்டுதல்காரன் என்று நினைத்திருக்கலாம். ஒரு கிழவி கும்பிட்டார்.

மாஸ்டரின் சைக்கிள் மாஸ்டரின் கால்களுக்காகச் செய்யப்பட்டது. ஆசனத்தை எவ்வளவு இறக்கினாலும் கீழே போன மிதி எனக்கு எட்டாது. அது தானாக மேலே வரும்வரை காத்திருந்து பிறகு மிதிக்க வேண்டும். இப்படி ஒரு காலால் வேலை, மறு காலால் எதிர்பார்ப்பு என்று இரத்தினபுரிவரை போனேன். மருதை அன்று நாலாவதாக வந்திருந்தான். நான் வந்தபோது பேண்ட்காரர்கள் வாத்தியங்களை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பம்பு

இரத்தினபுரிக்குள் நுழையுமுன் ஒரு பாலம் இருக்கிறது. தொண்ணூறுகளில் அங்கே மணல் மூட்டை அடுக்கிச் சோதனைச் சாவடி வைத்திருந்தார்கள். ஒருமுறை தோட்ட வேலையாகச் சைக்கிளில் போனபோது அங்கே நின்ற சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், பிறகு சைக்கிளைப் பார்த்தான். காற்றடிக்கும் பம்பைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். பம்பையே பிரிக்கச் சொன்னான். பிரித்தேன். உள்ளே ஒரு தோல் துண்டும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தன. இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். “ஹரி, யன்ன” என்றான். போகச் சொல்கிறான். ஆனால் திருப்பிப் பூட்டத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேருமாகப் பாலத்துக் கட்டின்மேல் உட்கார்ந்து அதைப் பூட்டி முடித்தோம்.

போட்டி நாளில் அதே பாலத்தில் மணல் மூட்டைகள் இல்லை. ஒரு பொலிஸ்காரர் தண்ணீர்ப் போத்தலோடு நின்று கை தட்டினார். நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை இருந்தது. போட்டியில் ஓடுகிறவன் அதை எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்காதீர்கள். மருதையின் பையிலும் இருந்தது. கை தட்டுகிற பொலிஸ்காரரைப் பார்த்ததும் நான் சைக்கிளிலிருந்து பாதி இறங்கிவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பந்துலவின் ஓர்டர்

லொறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக வருபவர்களுக்குப் பின்னால் சங்கம் ஒரு லொறியை விட்டிருந்தது. அது எந்த நேரத்தில் எந்தச் சந்தியைக் கடக்க வேண்டும் என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். லொறி தாண்டிய ஆள் வெளியே. சைக்கிளோடு அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

ஓட்டியவர் பந்துல. என் வயதுக்காரர்; என்னைப் போலவே தொந்தி. மூன்று நாளில் அவரோடு பழகிய அளவு நான் வேறு எவரோடும் பழகவில்லை. மற்ற எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். இரண்டாம் நாள் பலாங்கொடையிலிருந்து திரும்பும்போது லொறி எனக்கு ஒரு கூப்பிடு தூரத்தில்தான் வந்தது. பந்துல ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

“மாத்தயா, நகின்ன. ஏறுங்க. கால் பாவம்.”

“ஏறினா ஒரு பொடியனோட வாழ்க்கை போயிரும் பந்துல.”

“அனே. அப்ப ஏற வேணாம்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நான் நிக்கவும் ஏலாது மாத்தயா. ஓர்டர். மணிக்கூடு குடுத்து அனுப்பியிருக்காங்க” என்று கையைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கடிகாரத்தை அவர் அதிகம் விரும்பியதாகத் தெரியவில்லை.

அன்று எல்லைக்கோட்டை லொறிக்குச் சற்று முன்னால் தாண்டினேன். தாண்டி அப்படியே புல்லில் விழுந்து, மனைவி சொன்னபடி பச்சைச் சாரத்தை விரித்துப் படுத்தேன். ஒரு பாடசாலை வகுப்பில் எங்களுக்குத் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். மருதை வந்து என் கணுக்காலில் எண்ணெய் தேய்த்தான். வேண்டாமென்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

“மூணாவதா நிக்கிறேன்யா,” என்றான். “நாலாவது ஆளுக்கும் எனக்கும் ரொம்பத் தூரமில்ல. நாளைக்கு எங்கயும் ஒரு நொடி விட முடியாது.”

“நாளைக்கு நம்ம தோட்டத்து முச்சந்தி வழியாத்தான் போகும்,” என்றேன், அவனை உற்சாகப்படுத்த. “சனம் எல்லாம் நிக்கும்.”

“ஆமாங்கய்யா” என்றான். நான் சொன்னதில் இருந்த ஆபத்தை இருவருமே கவனிக்கவில்லை.

தேர் நிற்கும் இடம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தேர் லயம் லயமாக, தொழிலாளர் குடியிருப்பு வரிசை ஒவ்வொன்றுக்கும், போகும். ஒவ்வொரு லயத்து வாசலிலும் நிற்க வேண்டும். தேங்காய் உடைக்க வேண்டும், தட்டு வாங்க வேண்டும். நிற்காமல் போனால் அந்த லயத்தையே மதிக்கவில்லை என்று பொருள். ஒரு வருடம் இறக்கத்தில் கட்டை சறுக்கித் தேர் மூன்றாம் லயத்தைத் தாண்டிப் போய்விட்டது. யாருடைய தவறுமில்லை. ஆனாலும் மூன்றாம் லயத்துக்காரர்கள் அடுத்த இரண்டு திருவிழாவுக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்களிடம், நம்ம பிள்ளைகள் ரேசில் நம்ம முச்சந்தி வழியாக வருகிறார்கள் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? வாழைமரம் கட்டினார்கள். தோரணம் தொங்கவிட்டார்கள். மாலை கட்டினார்கள். தப்படிக்கிறவர்களை வரச் சொன்னார்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் ஒரு பேச்சுத் தயாரித்தார். நிற்காமல் போவார்கள் என்பது ஒருவர் மனதிலும் தோன்றவில்லை.

நான் அந்த ஏற்றத்தில் ஏறி வந்தபோது தப்புச் சத்தம் கேட்டது. வளைவைத் தாண்டினால் முழுத் தோட்டமும் பாதையில் நின்றது. ஆனால் முகங்கள் சரியில்லை. தார் ரோட்டில் ஆலாத்தித் தண்ணீர் சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது.

நான் சைக்கிளை நிறுத்தவில்லை. அதுவாக நின்றுவிட்டது.

“வாங்கய்யா,” என்றார் தலைவர். “நீங்களாச்சும் நின்னீங்களே.”

“என்னங்க ஆச்சு?”

“மருதை போயிட்டான்யா. இந்த வழியாத்தான் போனான். மாலையோட நான் குறுக்கால போறேன், வெட்டிக்கிட்டுப் போறான். பெத்த தாயி தட்டோட நிக்கிது. கண்ணெடுத்துப் பாக்கல.”

பேச்சியம்மா வெறும் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். யாரோ ஒரு பெண், “பேரு வாங்குனதும் ஆளே மாறிட்டான்” என்றாள். அவருக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

மருதைக்கென்று கட்டிய மாலை என் கழுத்தில் விழுந்தது. செவ்வந்தியும் செம்பரத்தையும் சேர்த்துக் கட்டிய கனமான மாலை. நெற்றியில் சந்தனம். பிறகு தலைவர் ஒரு கல்மேல் ஏறினார். “அன்பார்ந்த தோட்ட மக்களே.”

“தலைவரே, பின்னால லொறி வருதுங்க. அது தாண்டினா எல்லாம் போச்சு.”

“வரட்டுங்கய்யா. லொறிக்கும் ஒரு மாலை கட்டியிருக்கோம்.”

நான் பேச்சியம்மா பக்கம் திரும்பினேன். அவர்தான் முதலில் பேசினார். “அவன் என்ன அவசரத்துல போனான்னு கேட்டுச் சொல்லுங்கய்யா. நான் கேக்க மாட்டேன்.”

“நின்னிருந்தா நாலாவது ஆளு முந்தியிருப்பான்மா. மூணு பேரத்தான் எடுப்பாங்க. இப்ப நான் அந்த லொறிக்கு முன்னால போய்ச் சேரணும். சேராட்டி அவன் ஓடினது கணக்குலயே இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். வளைவைத் திரும்பி வந்த லொறியைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

“ஏறுங்க,” என்றார்.

ஏறினேன். ஆசனத்தைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் பிடித்தன. பிறகு நாலு, பிறகு எத்தனையென்று தெரியாது. நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்து மலை ஏறும் பெண்கள் தள்ளினால் ஒரு கிளாக்கர் என்ன கனம்? ஏற்றத்தின் உச்சிவரை என் கால்கள் சும்மா சுற்றின. இதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டிய லொறி அப்போது பொட்டு வைத்துக்கொண்டிருந்தது.

உச்சியிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். லொறியைச் சுற்றிலும் சனம். கண்ணாடியில் சந்தனம், முகப்பில் மாலை. இன்னும் தேங்காய் உடைக்கவில்லை. சக்கரத்தடியில் எலுமிச்சங்காய் வைக்க இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். அதை வைத்து முடிக்காமல் எந்த வண்டியும் நகரக்கூடாது. பந்துலவுக்கும் புரியட்டும் என்று தலைவர் சிங்களத்துக்கு மாறியிருந்தார். தமிழில் பேசுவதைவிடச் சிங்களத்தில் அவர் நீளமாகப் பேசுவார். பேச்சியம்மா கீழே ஓடிப்போய்த் தப்புக்காரர்களிடம் ஏதோ சொன்னார். சத்தம் மறுபடி கிளம்பியது.

வேகம்

இறக்குவானை விளையாட்டு மைதானத்தில் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் லொறி வராததால் எல்லைக்கோட்டை அழிக்க முடியவில்லை. நான் மாலையோடு அதைத் தாண்டினேன். பூவெல்லாம் வழியில் உதிர்ந்து முக்கால்வாசி நாராகியிருந்தது. யாரோ ஒலிபெருக்கியில் எங்கள் குழு முடித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு மருதையின் பெயரை மூன்றாவதாகச் சொன்னார். நான் அப்போது மல்லாந்து கிடந்தேன். ஆகாயம் என் மூச்சோடு ஏறி இறங்கியது.

மருதை பக்கத்தில் வந்து குந்தினான். “லொறி எங்கய்யா?”

“மரியாதை நடக்குது.”

அவன் கண் மாலையில் போய் நின்றது. “அது எனக்குக் கட்டினதா?”

“மொதல்ல உனக்குத்தான்.”

“அம்மா நின்னாங்களா? நான் பாக்கலய்யா. பாத்தா கால் நின்னுரும்னு பாக்கல.”

“நின்னாங்க. தட்டோட.”

வெற்றி பெற்றவன் முகம் அப்படி இருக்கக்கூடாது.

லொறி வந்து சேர்ந்தபோது பந்துலவின் நெற்றியில் பெரிய குங்குமம். வாயில் இன்னும் வடை. “நான் என்ன செய்ய மாத்தயா,” என்றார். “தேங்காய் மூணு. மூணாவது ஒடையல.” கடிகாரத்தைக் கழற்றிச் சங்கக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். சந்தோஷமாகத்தான் கொடுத்தார்.

சாயங்காலம் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அதே லொறி கீழே இறங்கியது. முச்சந்தியில் வாழைமரங்கள் வாடிச் சாய்ந்திருந்தன. சனம் இன்னும் கலையவில்லை. பாதையோரத்தில் கூட்டம் கூட்டமாகக் குந்தியிருந்தது. லொறியைக் கண்டதும் வழி விட்டார்கள். ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

மருதை சாரதிப் பெட்டியின் கூரையைத் தட்டினான். “இங்க வேணாம் பந்துல அண்ணே. கீழ, தண்ணி போற போக்குக்குக் கிட்ட நிப்பாட்டுங்க.”

ஏற்றத்தின் அடியில், முச்சந்தி தெரிகிற இடத்தில் லொறி நின்றது. அவன் தன் சைக்கிளை இறக்கினான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். மஞ்சள் போன சட்டை. பிறகு ஏறி உட்கார்ந்து, காலையில் பறந்து போன அதே ஏற்றத்தில் மிதிக்கத் தொடங்கினான்.

மூன்று நாளில் அவன் அவ்வளவு மெதுவாக ஓட்டி யாரும் பார்த்திருக்க முடியாது. அது என் வேகம். தாராளமாக மறிக்கலாம் என்று சொல்கிற வேகம்.

முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். தப்பு ஒருமுறை இருமியது. வாழைமரத்துக்கு நடுவே யாரோ குறுக்கே போனார்கள். மருதை காலை ஊன்றி நின்றான். பேச்சியம்மா தட்டை எடுக்க எங்கேயும் ஓடவில்லை. அது அவர் கையிலேயே இருந்தது. புதுத் தண்ணீர் எப்போது கரைத்து வைத்தார் என்று எனக்குத் தெரியாது.

பந்துல எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். “இன்னும் நேரம் போகும், இல்லையா மாத்தயா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“போகும்,” என்றேன்.

மேலே தலைவர் கல்மேல் ஏறிப் பேச்சை முதலிலிருந்து தொடங்கினார். நான் லொறிக்குள் பச்சைச் சாரத்தை விரித்தேன்.